கிலோ என்ன விலை?

திராட்சைத் தோட்டத்துக்குச் சுற்றுலாப் போனவர்கள் அங்கே பழத்தின் விலையைக் கேட்கலாமா, கூடாதா? எனக்கும் என் நண்பனுக்கும் இந்தத் தகராறு இன்னும் தீரவில்லை. கூடாது என்பது அவன் கட்சி. விருந்துக்குப் போன வீட்டில், இலையில் சோறு விழும்போது ‘அரிசி கிலோ என்ன விலைக்கு எடுத்தீங்க?’ என்று கேட்ட மாதிரி இருந்ததாம் அவனுக்கு. ஆளுக்கு இவ்வளவு என்று முன்பணம் கட்டிவிட்டுப் போன இடம் எப்படி விருந்து வீடாகும் என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை, கட்சியையும் மாற்றவில்லை. விலையைக் கேட்டவர் என் தாய்மாமா. இடம், போர்ச்சுகலின் டோரு ஆற்றுப் பள்ளத்தாக்கு. 2024 செப்டம்பர், அறுவடை மும்முரமாக நடந்துகொண்டிருந்த நேரம்.

மாமா கம்பம் பக்கத்துக்காரர். பன்னீர்த் திராட்சையால் பிழைத்த குடும்பம். பிள்ளைகள் பந்தல் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை என்பதால் பாதி நிலத்தைத் தென்னைக்கு மாற்றிவிட்டார், மீதிப் பாதியைப் பிடிவாதமாக இன்னும் வைத்திருக்கிறார். ஒரு சொட்டு குடிக்க மாட்டார், குடித்திருப்பவன் பக்கத்தில் உட்காரவும் மாட்டார். நான் வேலை பார்க்கும் போர்ட்டோவுக்கு வந்தவரைத் தேவாலயம், பாலம், கடற்கரை என்று இழுத்துக்கொண்டு அலைந்ததில் ஒரு கட்டத்தில் சலித்துப்போனார். “எல்லாம் நல்லாத்தான் இருக்கு மாப்ள. ஒரு தோட்டம் தொரவு கண்ணுல காட்ட மாட்டேங்கிறியே.” போர்ட்டோவிலிருந்து காலையில் கிளம்பி ராத்திரி திரும்பிவிடக்கூடிய தொலைவில் இருப்பது ஒயின் தோட்டங்கள்தான். சொல்லத் தயங்கினேன். “திராட்சைதானே? காய்ச்சுறது அவங்க பாடு, விளையுறதைப் பாத்துட்டு வருவோம்” என்றார். ஒயின் என்றால் மணிக்கணக்காகப் பேசக்கூடிய நண்பன் தானாகவே வண்டியில் ஏறிக்கொண்டான்.

வலது பக்க ஜன்னல்

டோருவுக்குக் காரில் போகலாம், பஸ்ஸில் போகலாம், நாள் முழுக்கப் படகில் மிதந்துகொண்டே போகலாம். ரயில்தான் சரி என்பது என் எண்ணம். சாவ் பென்ட்டோ நிலையத்தின் முன்மண்டபச் சுவர்களில் ஜோர்ஜ் கொலாசு வரைந்த நீல ஓடுகள் சுமார் 20,000 பதித்திருக்கிறார்கள். எல்லாரும் அண்ணாந்து போர்க்களங்களையும் ராஜாக்களையும் படமெடுத்துக்கொண்டிருக்க, மாமா கிராமத்துக் காட்சிகள் இருக்கும் பக்கத்தில் நின்றுகொண்டார். கூடை சுமக்கும் பெண்களைக் காட்டி, தலையில் சும்மாடு வைத்திருக்கிறார்களா இல்லையா என்று எங்களைக் கேட்டார். எங்களுக்குத் தெரியவில்லை.

வலது பக்க ஜன்னலைப் பிடித்துவிட வேண்டும், அது முக்கியம். முதல் ஒரு மணி நேரத்தில் பார்க்க ஒன்றும் இல்லை, புறநகர் வீடுகளும் யூகலிப்டஸ் காடுமாகப் போகும். மாமா தூங்கிவிட்டார். பாலா என்ற சின்ன நிலையத்தை ஒட்டி ரயில் மலையை விட்டு ஆற்றங்கரைக்கு இறங்குகிறது. அங்கிருந்து நாங்கள் இறங்க வேண்டிய பின்யாவ் வரைக்கும் ஆறு ஜன்னலை விட்டு நகர்வதில்லை. சில இடங்களில் தண்டவாளத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு ஆள் நடக்கும் அகலம்தான் இருக்கும்.

எழுப்பினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தவர் கேட்டார்: “இது ஆறா, ஏரியா?” நண்பன் சிரித்தான். ஆனால் கேள்வியில் தப்பில்லை. டோரு ஓடுவதில்லை, நிற்கிறது. போர்ட்டோவிலிருந்து மேலே போகப்போக க்ரெஷ்டுமா, கரபட்டேலு, ரெகுவா, வலேய்ரா, பொசின்யு என்று ஐந்து அணைகள் அதைப் படிப்படியாகத் தேக்கி வைத்திருக்கின்றன. 1970களிலும் 80களிலும் கட்டியவை. கரபட்டேலுவில் படகுகளைத் தூக்கி இறக்கும் மதகின் உயரம் மட்டும் 35 மீட்டர். அதற்கு முன்பு இது பாறையும் சுழலுமாகப் பாய்ந்த முரட்டு ஆறு. ரபேலோ என்ற தட்டையடிப் படகுகளில் பீப்பாய்களை ஏற்றிக் கடல் முகத்துக்குக் கொண்டுபோவது உயிரைப் பணயம் வைக்கும் வேலை. இந்த ஆற்றை முழுக்க அளந்து வரைபடம் போட்ட ஃபாரஸ்டர் என்ற ஆங்கிலேய வணிகரையே 1861இல் வலேய்ரா சுழல் கொண்டுபோய்விட்டது. இடுப்பில் கட்டியிருந்த பணப்பை அவரை அடியில் இழுத்ததாகவும், அதே படகில் இருந்த தோட்ட முதலாளியம்மா தோனா அன்டோனியாவை அவருடைய குடைப்பாவாடை மிதக்க வைத்துக் கரைசேர்த்ததாகவும் ஊர்க்கதை. பாவாடைக் கதையை மாமா நம்பவில்லை, பணப்பைக் கதையை உடனே நம்பிவிட்டார்.

ரெகுவா வந்ததும் நண்பன் மேற்கே திரும்பிப் பார்க்கச் சொன்னான். அந்தப் பக்கம் மராவ் மலை, 1,415 மீட்டர். அட்லாண்டிக் மேகங்கள் போர்ட்டோவில் கொட்டித் தீர்த்துவிட்டு மிச்சத்தை அந்த மலையில் விட்டுவிடும், இந்தப் பக்கம் வருவது கொஞ்சம்தான் என்றான். கிழக்கே ஸ்பெயின் எல்லையை நெருங்க நெருங்க மழை ஆண்டுக்கு 400 மில்லிமீட்டர் அளவுக்குக் குறைந்துவிடும். கோடையில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். ‘ஒன்பது மாதம் குளிர், மூன்று மாதம் நரகம்’ என்பது இந்த ஊர்ப் பழமொழி. மாமாவுக்கு இதில் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மலைக்கு அந்தப் பக்கம் கேரளம் நனைந்துகொண்டிருக்க, இந்தப் பக்கம் மழை மறைவில் காய்ந்த மண்ணில் கொடி வளர்த்தவர் அவர். “அப்ப தண்ணிக்கு எந்த அணை?” என்று மட்டும் கேட்டார். எதுவுமில்லை. பழைய தோட்டங்களில் பாசனமே கிடையாது, வேர் தானாகக் கீழே தேடிப் போக வேண்டியதுதான். மாமா அதன் பிறகு ரொம்ப நேரம் பேசவில்லை.

கல்கால்

பின்யாவ் சின்ன ஊர். நிலையத்துச் சுவரில் அறுவடையைக் காட்டும் 24 ஓட்டுப் படங்கள் இருக்கின்றன, அவற்றைப் பார்த்துவிட்டு இரண்டு தெரு நடந்தால் ஊர் முடிந்துவிடும். அங்கிருந்து நாங்கள் முன்பதிவு செய்திருந்த கின்ட்டாவுக்கு, அதாவது தோட்ட வீட்டுக்கு, ஏற்றமாக நடந்தோம். அழைத்துப்போக வந்தது இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண். நல்ல ஆங்கிலம், நல்ல சிரிப்பு, மனப்பாடமான வாக்கியங்கள். இந்த மண்ணின் ஆன்மா, பாட்டிகளின் பாட்டு, அந்த ரகம்.

மாமா அதையெல்லாம் காதில் வாங்கவில்லை. முதல் வரிசைக்குள் போனவர் கொடிகளைத் தாங்கி நின்ற தூணைத் தட்டிப் பார்த்தார். தகடு தகடாகப் பிளக்கும் அந்த ஊர்ப் பாறையிலேயே உடைத்து நட்ட ஆளுயரக் கல். “கல்கால்! நம்ம ஊர்ல போடுற மாதிரியே போட்டிருக்கான் பாரு.” அப்புறம் கீழே குனிந்து மண்ணைக் கையில் எடுத்தார். மண் என்று சொல்ல ஒன்றுமில்லை, எல்லாம் ஷிஸ்ட் பாறையின் சில்லுகள், உள்ளங்கையில் வைத்தால் சூடு ஏறியது. பாறை இங்கே செங்குத்தாக அடுக்கியிருப்பதால் பிளவுகள் வழியாக வேர் பல மீட்டர் ஆழம் இறங்கும் என்று அந்தப் பெண் சொன்னாள். பகலில் வாங்கிய வெயிலைக் கல் ராத்திரி கொடிக்குத் திருப்பிக் கொடுக்குமாம்.

கொடிகள் இடுப்பு உயரத்தில் கம்பியில் படர்ந்திருந்ததை மாமாவால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. பந்தல் போடத் துப்பில்லாதவர்கள் என்று முடிவே கட்டிவிட்டார். நான் நாசூக்காக மாற்றிக் கேட்டேன். பந்தல் பார்க்க வேண்டுமென்றால் போர்ட்டோவுக்கு வடக்கே மின்யோ பக்கம் போக வேண்டும் என்றாள் அவள். அங்கே மழை அதிகம், ஈரத்தில் பழம் அழுகாமல் இருக்கக் கருங்கல் தூண் நட்டுக் கொடியை உயரத்தில் ஏற்றுவார்கள். இங்கே தேவை எதிர்த்திசையில், பழம் கல்லின் சூட்டுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். மாமா தலையை ஆட்டினார். ஒத்துக்கொண்டாரா, சரி விடு என்று ஆட்டினாரா, தெரியவில்லை. ஒரு பழத்தைப் பறித்து வாயில் போட்டார். சின்னப் பழம், தடித்த தோல், கொட்டை. விரலெல்லாம் மை. “இதைக் கம்பம் சந்தைக்குக் கொண்டுபோனா வண்டியோட திருப்பி அனுப்பிருவான்.” ஒரு கொடிக்கு ஒரு கிலோ, மிஞ்சினால் ஒன்றரை, அதுவும் வருஷத்துக்கு ஒரே அறுப்பு என்று கேட்டபோது அவருக்கு நிஜமாகவே வருத்தம் வந்துவிட்டது. அவர் கவாத்து கணக்கில் வருஷத்துக்கு இரண்டு அறுப்பு கட்டாயம், மூன்றும் உண்டு.

சுவர்கள்தான் அவரை ரொம்ப நேரம் பிடித்து வைத்தன. சிமென்ட் இல்லை, சுண்ணாம்பு இல்லை, கல் மேல் கல் வைத்து மலையையே படிகளாக்கியிருக்கிறார்கள். இவற்றில் கணிசமான பங்கு ஸ்பெயினின் கலீசியாவிலிருந்து கூலிக்கு வந்தவர்களின் கைவேலை. பழைய சுவர் ஒன்றில் வரிசையாகச் சதுர ஓட்டைகள் இருந்தன. மழைத் தண்ணீர் வடிய வைத்தது என்று நான் நினைத்தேன். மாமா உள்ளே கைவிட்டுத் துழாவி, காய்ந்துபோன ஒரு அடிக்கட்டையைத் தொட்டுக் காட்டினார். கொடியைச் சுவரிலேயே நட்டிருக்கிறார்கள். படியின் மேல்தளம் முழுவதையும் தானியத்துக்கு விட்டுவிட்டு, கொடி சுவரிலிருந்து வெளியே நீண்டு தொங்கும். ஒரு சாண் இடத்தைக்கூட வீணாக்க முடியாதவர்கள் செய்யும் ஏற்பாடு அது. 1860களில் ஃபிலாக்சரா பூச்சி வந்து வேர்களைத் தின்று தீர்த்த பிறகு, அமெரிக்க வேரில் ஒட்டுக்கட்டித்தான் தோட்டங்கள் மீண்டன. மீளாத படிகள் பல அப்படியே கிடக்கின்றன. சிலவற்றில் ஆலிவ் நட்டிருக்கிறார்கள், சிலவற்றில் புதர். புதிதாகப் போட்ட தோட்டங்களில் சுவரே இல்லை, புல்டோசர் வெட்டிய மண்சரிவுகள்தான்.

இரண்டு படி கீழே அறுவடை நடந்துகொண்டிருந்தது. முன்பெல்லாம் மலைக் கிராமங்களிலிருந்து ரோகா என்று கும்பலாக இறங்குவார்கள், முன்னால் அக்கார்டியன் வாசிப்பு, பின்னால் பறிக்கிற பெண்கள், கூடை தூக்குகிற ஆண்கள் என்று வழிகாட்டிப் பெண் சொல்லிக்கொண்டிருந்தபோதே கீழேயிருந்து ஹிந்தி கேட்டது. தலையில் துண்டு கட்டிய இரண்டு பேர் கத்தரிக்கோலோடு ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்த மலைக் கிராமங்களின் இளைஞர்கள் பிரான்சுக்கும் ஸ்விட்சர்லாந்துக்கும் போய் வெகுகாலம் ஆகிவிட்டது. மாமா மேலேயிருந்து கும்பிட்டார், அவர்களும் கும்பிட்டார்கள்.

ஒரே கொடியில் இரண்டு விலை

ருசி பார்க்கும் இடம் ஆற்றைப் பார்த்த ஒரு திண்ணை. ஆளுக்கு ஐந்து கோப்பைகள் வைத்தார்கள். மாமாவின் கோப்பைகளை நண்பன் தன் பக்கம் நகர்த்திக்கொண்டான், மாமாவுக்குத் திராட்சைச் சாறு வந்தது. போர்ட் என்ற இனிப்பு ஒயின் எப்படி உருவாகிறது என்று அந்தப் பெண் ஆரம்பித்தாள். கருங்கல் தொட்டியில் பழத்தைக் கொட்டி, தோளோடு தோள் சேர்த்து வரிசையாக நின்று காலால் மிதிப்பார்கள். சாறு புளிக்கத் தொடங்கி, இனிப்பு பாதி இருக்கும்போதே 77 சதவீத வீரியமுள்ள திராட்சைச் சாராயத்தை அதில் ஊற்றுவார்கள். நொதித்தல் அங்கேயே நின்றுவிடும், இனிப்பு தங்கிவிடும், போதை 20 சதவீதத்துக்கு ஏறிவிடும். நான் மாமாவுக்குச் சொல்லிக்கொண்டே வந்தேன். “சாராயத்தையா கலக்குறாங்க?” என்று அதிர்ந்தவர், அடுத்த நொடியே கணக்குக்கு வந்துவிட்டார். எவ்வளவு? 435 லிட்டர் சாறுக்கு 115 லிட்டர். இரண்டும் சேர்ந்தால் 550 லிட்டர், அதுதான் ஒரு பீப்பாய்க் கணக்கு. “அப்ப அஞ்சுல ஒரு பங்கு சாராயம். அது எந்த ஊர் திராட்சையில காய்ச்சினதாம்?” இதை நான் மொழிபெயர்க்கவில்லை, நண்பன் முறைத்துக்கொண்டிருந்தான். மாமா நேராகவே அடுத்ததைக் கேட்டுவிட்டார். அவருக்குத் தெரிந்த ஆங்கிலம் அதற்குப் போதும். “ஒன் கேஜி, ஹவ் மச்?”

பாட்டில் விலையைக் கேட்கிறார் என்று நினைத்து அவள் பட்டியலை நீட்டினாள். மாமா பட்டியலை ஒதுக்கிவிட்டு, திண்ணைக்குக் கீழே தொங்கிய குலையைக் காட்டினார். ஒரு நிமிஷம் அவள் ஒன்றும் சொல்லவில்லை. மனப்பாட வாக்கியம் எதுவும் இதற்கு இல்லை போலிருந்தது. அப்புறம் நாற்காலியை இழுத்துப் போட்டு எங்கள் மேஜையிலேயே உட்கார்ந்தாள். தட்டுக்குக் கீழே விரித்திருந்த காகிதத்தைத் திருப்பிப் போட்டு, இடுப்புப் பையிலிருந்து பேனாவை எடுத்தாள். எந்தப் பழம் என்று முதலில் சொல்ல வேண்டும் என்றாள். காகிதத்தில் ஒரு கொடி வரைந்தாள், அதைக் குறுக்கே ஒரு கோட்டால் வெட்டினாள்.

அவள் அப்பாவுக்கு மேலே ஒரு கிராமத்தில் இரண்டு ஹெக்டேருக்குக் கொஞ்சம் அதிகமாகத் தோட்டம் இருக்கிறது. இந்தப் பள்ளத்தாக்கில் ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் உயரம், சரிவு, மண், கொடியின் வயது என்று மதிப்பெண் போட்டு, ஏ, பி, சி என்று தரம் கொடுத்திருக்கிறார்கள். வருஷா வருஷம் இத்தனை பீப்பாய் போர்ட் தயாரிக்கலாம் என்று ஒரு மொத்த எண்ணிக்கை முடிவாகும். 2023இல் அது 1,04,000 பீப்பாய், 2024இல் 90,000. அந்த எண்ணிக்கை தரத்துக்கு ஏற்பத் தோட்டங்களுக்குப் பிரிந்து வரும், பெனெஃபிசியு என்பார்கள். அவள் அப்பாவின் பழத்தில் இந்த அனுமதிக்குள் வருவதற்கு நல்ல விலை, கிலோவுக்கு ஒரு யூரோவைத் தாண்டும். அனுமதி தீர்ந்த பிறகு மிச்சமிருக்கும் பழம் சாதாரண ஒயினுக்குப் போகும். அதற்குப் பாதி விலைகூடக் கிடைக்காது, அந்த வருஷம் வாங்க ஆளே இல்லை. பக்கத்துத் தோட்டக்காரர் பறிகூலியைக் கணக்குப் பார்த்துவிட்டுப் பழத்தைக் கொடியிலேயே விட்டுவிட்டாராம்.

“ஒரே கொடி, ஒரே குலை. கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு விலை, அந்தப் பக்கம் ஒரு விலையா?” என்றார் மாமா. நான் சொன்னதும் அவள் ‘ஆமாம், ஆமாம்’ என்று இரண்டு தடவை தலையாட்டினாள். அதன் பிறகு அங்கே ஒயின் பேச்சே இல்லை. இவர் கமிஷன் மண்டியைப் பற்றிக் கேட்டார், அவள் கூட்டுறவுச் சங்கத்தைப் பற்றிச் சொன்னாள். பணம் எத்தனை மாதம் கழித்து வரும் என்று இவர் கேட்டார், அவள் வாயைக் கோணிக்கொண்டு சிரித்தாள். மருந்துச் செலவு, டீசல், கூலி என்று காகிதம் நிரம்பியது. நடுவில் மொழிபெயர்ப்பது மட்டும்தான் என் வேலை. நண்பன் பத்துக் கோப்பைகளோடு தனியாக இருந்தான்.

கல் நட்ட கதை

திரும்பி வரும் ரயிலில் நண்பன் ஆரம்பித்தான். அந்தப் பெண் வேலையில் இருக்கிறாள், சிரித்த முகமாக இருந்தே ஆக வேண்டியவள், அவளிடம் போய் வீட்டுக் கஷ்டத்தைக் கிளறலாமா? அங்கிள் மூடையே கெடுத்துட்டார். இதில் நியாயம் இல்லாமல் இல்லை. கேள்வி கேட்டவர் வயதானவர், கேட்கப்பட்டவள் சம்பளத்துக்கு நிற்பவள். ஆனால் நாற்காலியை இழுத்துப் போட்டது அவள்தான், பேனாவை எடுத்ததும் அவள்தான். அதைவிட என்னை உறுத்தியது வேறொன்று. விலையைப் பேசுவது இந்த இடத்தின் அழகுக்குப் பொருந்தாது என்று அவன் நினைக்கிறான். இந்த இடம் உருவானதே விலைச் சண்டையில்தான்.

1703இல் இங்கிலாந்தும் போர்ச்சுகலும் செய்துகொண்ட மெத்துவன் ஒப்பந்தத்தால் போர்ச்சுகல் ஒயினுக்கு இங்கிலாந்தில் பிரெஞ்சு ஒயினைவிடக் குறைந்த வரி. கிராக்கி ஏறியது, கண்ட இடத்திலும் கொடி நட்டார்கள். நிறம் வரவில்லை என்றால் எல்டர்பெரி என்ற கருநிறப் பழத்தின் சாற்றைக் கலந்தார்கள். 1750களில் பெயர் கெட்டு, ஆங்கிலேய வணிகர்கள் வாங்குவதைக் குறைக்க, விலை பாதாளத்துக்குப் போனது. அப்போது ஆட்சியைக் கையில் வைத்திருந்தவர், பின்னாளில் பொம்பால் பிரபு என்று பெயர் வாங்கிய அமைச்சர். லிஸ்பன் நகரத்தை 1755இன் பூகம்பம் தரைமட்டமாக்கிய மறுவருஷம், 1756இல், டோருவுக்கு ஒரு கம்பெனியை உண்டாக்கி வியாபாரத்தின் கட்டுப்பாட்டை அதன் கையில் கொடுத்தார். ஏற்றுமதிக்கு உரிய நல்ல நிலம் எது, உள்ளூர் குடிக்கு உரியது எது என்று பிரித்து, எல்லையில் கருங்கல் நட்டார்கள். மொத்தம் 335 கற்கள், இன்னும் பல நிற்கின்றன. எல்டர் செடிகளைப் பிடுங்கச் சொன்னார்கள். விளைச்சல் பெருகித் தரம் குறையும் என்று எரு போடவே தடை விதித்தார்கள். விலையைக் கம்பெனி வைத்தது. உலகிலேயே முதலில் எல்லை வகுத்த ஒயின் பகுதி என்று இதைச் சுற்றுலாக்காரர்கள் சொல்வார்கள். ஹங்கேரியின் டோக்காய்க்கு அதற்கு முன்பே எல்லை உண்டு, ஆனால் எல்லையோடு விலை, தரம், வியாபாரம் எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டியதில் டோருவுக்குத் தனி இடம் உண்டு. 2001இல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமாக அறிவித்த இந்தப் படிக்கட்டு மலைகளுக்கு அடியில் இருப்பது ஒரு விலைப்பட்டியல். அந்தப் பெண் காகிதத்தில் போட்ட கோடும் அந்தக் கற்களின் தொடர்ச்சிதான்.

இதை நான் ரயிலில் கொஞ்சம் உற்சாகமாகவே சொன்னேன். நண்பன் காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டான். மாமா கேட்டுக்கொண்டிருந்தார், ஆனால் அவரும் என் பக்கம் நிற்கவில்லை. “கல்லு நட்டு வெல வச்சது சரி மாப்ள. கல்லுக்கு அந்தப் பக்கம் இருந்தவன் என்ன பண்ணான்?” நான் சொன்ன கதையில் அவன் வரவேயில்லை. அந்தப் பக்கம் இருந்தவர்களும், போர்ட்டோவில் மலிவு ஒயின் விற்றுப் பிழைத்த சாராயக்கடைக்காரர்களும் என்ன ஆனார்கள் என்பதற்கு ஒரு பாதிப் பதில்தான் எனக்குத் தெரியும். 1757இல் போர்ட்டோவில் கம்பெனியை எதிர்த்துக் கலவரம் வெடித்தது. பொம்பால் படையை அனுப்பினார், பல பேரைத் தூக்கில் போட்டார்கள். மாமா உச்சுக்கொட்டினார். கம்பம் பன்னீர்த் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்ததைப் பெருமையாகச் சொல்லி அவரைக் குளிர்விக்கப் பார்த்தேன். “குறியீடு வந்துச்சு. மண்டிக்காரன் ஒரு ரூபா கூட்டிக் குடுத்தானா?” என்றார். எங்கள் பெட்டியில் இருந்த ஜெர்மன் தம்பதி அவர் குரலுக்குத் திரும்பிப் பார்த்தார்கள்.

மாமா ஊர் திரும்பியதிலிருந்து வாட்ஸ்அப்பில் இதைத்தான் விசாரிக்கிறார். 2025க்கான எண்ணிக்கை 75,000 பீப்பாயாகக் குறைந்த செய்தியை அனுப்பினேன். உலகம் முழுக்கப் போர்ட் குடிப்பது குறைந்துவருகிறது, கிடங்குகளில் சரக்கு தேங்கியிருக்கிறது என்று காரணத்தையும் சேர்த்து எழுதினேன். ஒரு பீப்பாய்க்கு 750 கிலோ பழம் என்ற வழக்கக் கணக்கை வைத்துக்கொண்டு, 15,000 பீப்பாய் குறைந்தால் எத்தனை டன் பழம் கோட்டுக்கு அந்தப் பக்கம் போகும் என்று அவரே பெருக்கி, 11,250 டன் என்று அனுப்பினார். கூடவே, நான் அன்று மொழிபெயர்க்காமல் விட்ட கேள்வியையும் கேட்டார்: அந்தச் சாராயம் எந்த ஊர் திராட்சை?

விசாரித்தேன். திராட்சையில் காய்ச்சியதாக இருந்தால் போதும், டோருவில் விளைந்ததாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. பெரும்பகுதி வெளியிலிருந்து மலிவாக வருகிறது. விற்காத பழம் கொடியில் வாடும் ஊருக்கு லாரி லாரியாக வேறு ஊர்த் திராட்சைச் சாராயம் வந்து இறங்குகிறது. இதை எழுதி அனுப்பிய அரை மணி நேரத்தில் மாமாவிடமிருந்து குரல் செய்தி வந்தது. “அட கூறுகெட்டவங்களா, கெடக்குற பழத்தையே காய்ச்ச வேண்டியதுதானே!” சொட்டு தொடாத மனிதர் ஒரு மாவட்டத்துக்கே சாராயம் காய்ச்ச யோசனை சொல்வதைக் கேட்டு அத்தை பின்னாலிருந்து சத்தம் போடுவதும் அதில் பதிவாகியிருந்தது. டோரு விவசாயிகள் பல வருஷமாக அரசாங்கத்திடம் கேட்டுக்கொண்டிருப்பதும் இதையேதான்.